ஏட்டில் ஏறாத மணிநேரம்

பண்டார் தெங்காராவில் எஸ்.பி.எம் எழுதி முடித்த பிள்ளை இருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு முடிந்த மேசையில் பழைய பள்ளி நோட்டு ஒன்று விரிந்து கிடக்கிறது. அம்மா கோடு போட்டு மாதங்களை வரிசையாக எழுதுகிறார். அப்பா கைப்பேசியில் கணக்குத் தட்டுகிறார். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர். நாணய மாற்று ஏறினாலும் இறங்கினாலும் நம் காசில் அது 65, 70 வெள்ளிக்குக் கிட்ட வரும். இங்கே மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை வாரம் 6 நாள் வேலைக்குப் பிரித்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. அங்கே ஒரு மணி நேரம் நின்றால் கிடைப்பதற்கு இங்கே பொழுதுக்கும் நிற்க வேண்டும். கணக்கு இந்த இடத்துக்கு வந்ததும் மேசையைச் சுற்றி எல்லார் முகமும் மலர்ந்துவிடுகிறது. "அப்புறம் என்னக்கா, மருமவன் வேலை செஞ்சுகிட்டே படிச்சிருவான்" என்று தாய்மாமன் பேச்சை முடித்துவைக்கிறார்.

பேச்சு தொடங்க வேண்டிய இடமே அதுதான். எந்த நாளிலிருந்து வேலை செய்யலாம், எத்தனை மணி நேரம், எந்த வேலை, யாரிடம் என்று அந்த 24.95-ஐச் சுற்றிச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. வேலியைத் தாண்டினால் மாணவருக்கு என்ன ஆகும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. தாண்டவைத்த முதலாளிக்கு என்ன ஆகும் என்பதுதான் பல நாடுகளில் வெகுகாலம் எழுதப்படாமலே கிடந்தது.

தென்கிழக்கு ஜொகூரின் காட்டை வெட்டிச் செம்பனை நட்டு, நடுவில் புதுநகரங்களை எழுப்புவதற்காக 1972-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவானது கெஜோரா என்ற மேம்பாட்டு வாரியம். பண்டார் தெங்காரா அந்தத் திட்டத்தில் பிறந்த ஊர். இன்று கூலாய் மாவட்டத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் பெல்டா நிலத்திட்டங்கள், செம்பனைத் தோட்டங்கள். ஊரில் பல்கலைக்கழகம் கிடையாது. மேற்படிப்பு என்றாலே பெட்டி கட்ட வேண்டும். ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கானாலும் சரி, மெல்பர்னுக்கானாலும் சரி, வீட்டை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

படித்துக்கொண்டே வேலை செய்வது இந்த வட்டாரத்துத் தமிழருக்குப் புதிய செய்தி இல்லை. ரப்பர் காலத்தில் பள்ளிக்குப் போகும் முன் அம்மாவோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்துவிட்டு, கோட்டுப்பால் உரித்துவிட்டு, அப்புறம் சீருடை மாட்டிய தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. செம்பனை வந்த பிறகு வேலை மாறியது. பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. குலையை வெட்டிச் சாய்த்ததும் மரத்தடியில் சிதறும் பழங்களை முள்ளுக்கும் புல்லுக்கும் இடையிலிருந்து எடுத்துச் சாக்கில் போட வேண்டும். முதுகு ஒடியும். அந்த வேலைக்கான காசு பிள்ளையின் பெயரில் வராது. தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் இருப்பது அப்பா பெயர் அல்லது அம்மா பெயர். சாக்கு எடை போடப்படும், எடை ஏட்டில் ஏறும், பொறுக்கிய பிள்ளையின் மணிநேரம் எங்கும் ஏறாது.

இந்தப் பழங்கதை இங்கே வருவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் வேலை பற்றிய இன்றைய சண்டைகளைக் கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது இதேதான்: செய்த வேலை ஒரு பக்கம், ஏட்டில் ஏறிய வேலை இன்னொரு பக்கம்.

ஆஸ்திரேலியாவையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு நடக்கும் காலத்தில் 14 நாளுக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். முன்பு அது 40 மணி நேரமாக இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு கடைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, 2022 ஜனவரியில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2023 ஜூலை 1 முதல் 48 என்று திரும்பவும் கட்டினார்கள். விடுமுறைக் காலத்தில் வரம்பு இல்லை.

கேட்பதற்கு எளிது. எண்ணும்போதுதான் சிக்கல் தெரியும். 14 நாள் என்பது எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கினாலும் எண்ணப்படும். முதல் வாரம் 15 மணி, இரண்டாம் வாரம் 30 மணி, மூன்றாம் வாரம் 20 மணி வேலை செய்த மாணவன், முதல் இரண்டு வாரத்தைக் கூட்டி 45 என்று நிம்மதியாக இருப்பான். இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் கூட்டினால் 50. விசா நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. உடம்பு சரியில்லாத நண்பனுக்காக ஒரு சனிக்கிழமை கூடுதலாக நின்றதுதான் அவன் செய்த பிழையாக இருக்கும். இந்த நுணுக்கம் விசா நிபந்தனையில் இருக்கிறது. முகவரின் வண்ணத்தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்த வரம்பை வைத்து என்ன செய்ய முடியும் என்பதை 2015 ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சியும் ஃபேர்ஃபாக்ஸ் நாளிதழ்களும் சேர்ந்து அம்பலப்படுத்தின. செவன் இலெவன் கடைகளில் இரவும் பகலும் நின்றவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டு மாணவர்கள், அதிலும் இந்தியத் துணைக்கண்டத்துப் பிள்ளைகள் நிறைய. உரிமம் எடுத்துக் கடை நடத்தியவர்கள் கையாண்ட வித்தை இதுதான்: மாணவன் வாரம் 40 மணி நேரம் நிற்பான், சம்பளச் சீட்டில் 20 மணி நேரம் என்று எழுதுவார்கள், அந்த 20-க்குச் சட்டப்படியான சம்பளம் போடுவார்கள். காகிதத்தைப் பார்த்தால் எல்லாம் சுத்தம். கையில் கிடைத்தது பாதிச் சம்பளம். சில இடங்களில் முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? அப்போதைய வரம்பு 14 நாளுக்கு 40 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சராசரி 20. "நீ 40 மணி நேரம் வேலை செய்தாய் என்று குடிநுழைவுத் துறைக்குச் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். வரம்பை மீறவைத்தவரின் கையிலேயே வரம்பு ஆயுதமாகிவிட்டது. 2016 ஏப்ரலில் வெளியான ஆஸ்திரேலிய வேலைநெறி மேற்பார்வை அலுவலகத்தின் விசாரணை அறிக்கையும் பொய்யான வருகைப் பதிவுகளையும் ஊதியக் கணக்குகளையும் விரிவாகப் பதிவு செய்தது. கடைசியில் நிறுவனம் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 15 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணம் முழுக்க, யாரோ ஒருவர் பயத்தை விழுங்கிக்கொண்டு நின்ற இரவுகளின் கணக்கு.

ஆஸ்திரேலியாவைப் பாராட்ட வேண்டிய இடம் அதற்குப் பின்னால் வருகிறது. சம்பள ஏமாற்றைப் புகார் செய்யும் மாணவரின் விசாவைப் பொதுவாக ரத்து செய்வதில்லை என்று வேலைநெறி அலுவலகமும் குடிநுழைவுத் துறையும் 2017-இல் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. 2024 ஜூலை 1 முதல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: விசா நிலையைக் காட்டி ஒருவரை மிரட்டி வேலை வாங்குவது முதலாளிக்குக் குற்றம். வழக்கை முடித்துக்கொள்ளும் வரை நாட்டில் தங்கி இருக்கவும் தனி விசா ஒன்றைச் சோதனை முறையில் கொண்டுவந்தார்கள். இவையெல்லாம் தாமாக வந்தவையா என்றால், இல்லை. ஊடகம் உரித்துக் காட்டிய பிறகு வந்தவை. ஆனாலும் வந்தன.

கனடாவின் கதை வேறு பாடம். அங்கே வாரம் 20 மணி நேரம் என்று இருந்த வரம்பை 2022 நவம்பர் 15 முதல் தளர்த்தினார்கள். 2024 ஏப்ரல் 30-உடன் அந்தத் தளர்வு முடிந்தது. 2024 நவம்பர் 8 முதல் 24 மணி நேரம். தளர்வுக்கு முன் 2017-இல் ஒண்டாரியோவில் சரக்குந்து ஓட்டிக்கொண்டிருந்த இந்திய மாணவர் ஒருவரைப் போலீஸ் வழியில் நிறுத்தியது. அவருடைய பயணப் பதிவேட்டைப் பார்த்தார்கள். மணிநேரம் கூடுதல். டிப்ளோமா முடிய சில நாளே இருந்த நேரத்தில் கைதாகி, 2019-இல் நாட்டை விட்டு வெளியேறும்படி ஆணையும் பெற்றார். சம்பளப் பாக்கியோ திருட்டோ அந்த வழக்கில் இல்லை; அவர் செய்த குற்றம் கூடுதலாக உழைத்தது. மூன்று ஆண்டு கழித்து அதே நாடு, ஆள் பற்றாக்குறை என்றதும், எத்தனை மணி நேரமானாலும் உழையுங்கள் என்று கதவைத் திறந்தது. மாணவரின் படிப்பைக் காப்பதற்காகத்தான் வரம்பு என்று எந்த அரசு சொன்னாலும் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், அதற்குக் கீழ்ப்பட்ட படிப்புக்கு 10. சொந்தத் தொழில் கூடவே கூடாது. சாப்பாட்டுப் பொட்டலத்தை மோட்டாரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் ஆள் பெரும்பாலும் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுவதால், அந்த வேலையை ஒரு மணி நேரம் செய்தாலும் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும் என்பது பல பிள்ளைகளுக்கு விமானம் ஏறும் வரை தெரிவதில்லை.

ஜொகூர்க்காரர்களுக்குப் பக்கத்து வீடு சிங்கப்பூர். அங்கே உள்ள விதி இதுவரை பார்த்தவற்றைவிடக் கறாரானது; இங்குள்ள பெற்றோர் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்வதும் அதைத்தான். மாணவர் அனுமதி பெற்ற வெளிநாட்டவர் படிப்புக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். ஆனால் மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையத்தில் முழுநேரம் படிப்பவருக்கு மட்டும். தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் போன்றவை பட்டியலில் உண்டு. தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை இல்லை. இல்லாத கல்லூரியில் சேர்ந்தவர் வாரம் 16 மணி நேரமும் இல்லை, ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் டாலரில் சம்பளம் என்று நினைத்து, கட்டணத்தில் பாதியைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, மீதியைச் சம்பாதித்துக் கட்டலாம் என்று போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலை. கல்லூரி பெயரில் 'சர்வதேச' என்று இருப்பதால் பட்டியலில் இருக்கும் என்று பொருளாகாது.

சரி, நம் பிள்ளைகள் போகும் நாடுகளைப் பற்றி இவ்வளவு பேசும்போது, நம் நாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

மலேசியா ஒரு காலத்தில் பிள்ளைகளை அனுப்பும் நாடாக மட்டும் இருந்தது. இப்போது வரவேற்கும் நாடும்கூட. 2025-க்குள் 2,50,000 வெளிநாட்டு மாணவர் என்று உயர்கல்விப் பெருந்திட்டம் இலக்கு வைத்தது. ஜொகூரிலேயே இஸ்கண்டார் புத்திரியில் சவுத்தாம்ப்டன், நியூகாசல், ரெடிங் எனப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகக் கிளைகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கான வேலை விதி இது: வாரத்துக்கு 20 மணி நேரம் வரை செய்யலாம், ஆனால் 7 நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும். வேலை செய்யக்கூடிய இடங்கள் நான்கு: உணவகம், எண்ணெய் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல். கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். எண்ணெய் நிலையத்திலும் மினி மார்க்கெட்டிலும் காசாளராக உட்காரக் கூடாது. பாடகர், இசைக்கலைஞர், உடம்பு பிடித்துவிடுபவர் ஆகிய வேலைகளும் தடை.

இந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எண்ணெய் நிலையத்தில் வேலை செய்யலாம், காசாளராக மட்டும் கூடாது என்கிறது. பண்டார் தெங்காராவிலோ கூலாயிலோ எண்ணெய் நிலையத்துக்குள் வண்டியை விட்டவருக்குத் தெரியும்: இந்த நாட்டில் எண்ணெயை வண்டிக்காரரே ஊற்றிக்கொள்கிறார். உள்ளே போய் "மூணாம் நம்பர், முப்பது வெள்ளி" என்று காசைக் கொடுத்துவிட்டு வந்து குழாயைப் பிடிக்கிறார். நிலையத்தில் மனிதர் செய்ய மிஞ்சியிருக்கும் வேலையே அந்தக் காசை வாங்குவதுதான். மற்றபடி கழிப்பறை கழுவலாம், அலமாரியில் ரொட்டி அடுக்கலாம். விதி எழுதியவர் கடைசியாக எப்போது தம் வண்டிக்கு எண்ணெய் ஊற்றினார் என்று கேட்கத் தோன்றுகிறது. அதேபோல், மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த ஒரு மாணவர் கோயில் திருவிழாவில் நாலு கச்சேரிக்கு உட்கார்ந்து நூறு வெள்ளி வாங்கினால் அது குற்றம். உணவகத்தில் எச்சில் தட்டு எடுத்தால் குற்றம் இல்லை.

விடுமுறை என்ற நிபந்தனைதான் எல்லாவற்றையும்விடக் கெட்டது. செமஸ்டர் இடைவெளி சில வாரம். அந்தச் சில வாரத்துக்காக ஓர் உணவகக்காரர் கடிதம் எழுதித் தந்து, கல்லூரி அதைச் சரிபார்த்து, மாணவர் நேரில் போய் அனுமதி வாங்கி, அப்புறம் வேலையைக் கற்றுக்கொண்டு, கற்றுக்கொண்டதும் கல்லூரி திறந்துவிடும். எந்த முதலாளி இதற்கு ஒத்துக்கொள்வார்? மறுபக்கம், வாடகையும் சாப்பாடும் விடுமுறையில் மட்டுமா வருகின்றன? வரையறுத்தபடி முழுதாகச் செய்தாலும் 20 மணி நேரத்துக்கு மணிக்கு 8 வெள்ளி 72 காசு வீதம் வாரம் 174 வெள்ளி 40 காசு. அதுவும் ஆண்டில் சில வாரங்கள்.

ஆக, விதி இருக்கிறது, விதிப்படி வேலை இல்லை. வேலை மட்டும் இருக்கிறது. இரவு பதினொன்றுக்கு மேல் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் இளைஞர் கையில் எந்த ஊர் மாணவர் அட்டை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கும் நாளில் அது அதிரடிச் சோதனையாக இருக்கும். அனுமதியின் நிபந்தனையை மீறியதற்குக் குடிநுழைவு ஒழுங்குவிதிகளின்படி 1,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ அவருக்குக் காத்திருக்கிறது, படிப்பு போய்விடும். முறையான அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும் சிறையும் உண்டு என்பது சரிதான். ஆனால் சம்பளம் தரவில்லை என்று அந்த மாணவர் மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகாவுக்குப் போனால், முதலில் கேட்கப்படும் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். போக மாட்டார். முதலாளிக்கும் அது தெரியும். செவன் இலெவனில் நடந்தது வேறு எங்கோ நடந்த கதை என்று இங்கே யாரும் தைரியமாகச் சொல்ல முடியாது.

இன்னும் மோசமான வடிவத்தில் அது இங்கே நடந்தும் இருக்கிறது. தி ஸ்டார் நாளிதழின் ரேஜ் இளைஞர் குழு சில ஆண்டுகளுக்கு முன் 'ஸ்டூடன்ட் / டிராஃபிக்டு' என்ற தலைப்பில் ஓர் ஆவணத் தொடரை வெளியிட்டது. வங்காளதேசத்துக் கிராமங்களில் முகவர்கள் சொன்னது: மலேசியாவில் படித்துக்கொண்டே வேலை செய்யலாம், போட்ட பணத்தை ஓர் ஆண்டில் எடுத்துவிடலாம். குடும்பங்கள் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பின. வந்து பார்த்தால் கல்லூரி என்று சொல்லப்பட்ட இடத்தில் சொல்லும்படியான படிப்பு இல்லை. படிப்புக் காலத்தில் வேலை செய்யச் சட்டத்தில் இடமும் இல்லை. கடனை அடைக்க அந்தப் பிள்ளைகள் கிடைத்த வேலைக்கு, கிடைத்த கூலிக்கு, ஒளிந்து ஒளிந்து போனார்கள். 'படித்துக்கொண்டே வேலை' என்ற அதே வாக்கியம்தான் அங்கே தூண்டில். பண்டார் தெங்காராவின் சாப்பாட்டு மேசையில் தாய்மாமன் சொன்னதும் அதே வாக்கியம்தான். நல்ல வேளையாக அவருக்குத் தரகு கிடையாது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு மாணவருக்குக் கதவைத் திறந்துவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளின் பகுதிநேர வேலை போய்விடும் என்பது முதல் கவலை. பெல்டா குடியேற்றத்தில் எஸ்.பி.எம் முடிவுக்குக் காத்திருக்கும் மலாய்ப் பையனும், தோட்டத்திலிருந்து பேருந்தில் வரும் தமிழ்ப் பெண்ணும் அதே மினி மார்க்கெட் வேலைக்குத்தான் நிற்கிறார்கள். போலி மாணவர்கள் பெருகுவார்கள் என்பது இரண்டாவது. அதுவும் கற்பனை இல்லை. ஆஸ்திரேலியா வரம்பை எடுத்துவிட்ட காலத்தில், வகுப்பே நடத்தாமல் வேலைக்கு மட்டும் ஆள் சேர்க்கும் 'பேய்க் கல்லூரிகள்' பற்றி அந்த நாடே தலையில் அடித்துக்கொண்டது. வரம்பு வேண்டும். அதில் தகராறு இல்லை.

ஆனால் உள்ளூர்ப் பிள்ளையின் வேலையை உண்மையில் பறிப்பவர் யார்? 8 வெள்ளி 72 காசுக்கு ஏட்டில் பெயர் எழுதி வைக்கப்பட்ட வெளிநாட்டு மாணவரா, இல்லை 5 வெள்ளிக்குப் பின்கட்டில் நிற்கவைக்க முடிகிற, வாய் திறக்க முடியாத மாணவரா? இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலாமவரோடு உள்ளூர்ப் பிள்ளை போட்டி போட முடியும்; இரண்டாமவரோடு முடியவே முடியாது. போலிக் கல்லூரியை ஒழிக்கக் கல்லூரி உரிமத்தைப் பிடிக்க வேண்டும். மாணவரின் வேலைநேரத்தைப் பூஜ்யம் ஆக்கியதால் எந்தப் போலிக் கல்லூரியும் மூடப்படவில்லை. ரேஜ் குழு கண்ட கல்லூரிகள் எல்லாம் இதே கறாரான விதியின் கீழேதான் செழித்தன.

ஜப்பான் இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ளத் தக்க ஒரு காரியம் செய்கிறது. அங்கே மாணவருக்கு வாரம் 28 மணி நேரம். அனுமதியைப் புதிய மாணவர் வந்து இறங்கும் விமான நிலையத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒவ்வொரு விடுமுறைக்கும் தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஜப்பானிலும் மீறல்கள் உண்டு, கடனில் மூழ்கிய நேப்பாள, வியட்நாமிய மாணவர்கள் உண்டு. என்றாலும் நேர்மையாக நடக்க நினைப்பவருக்கு முதல் நாளே ஒரு வழி இருக்கிறது.

மலேசியா செய்யக்கூடியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அதே 20 மணி நேரத்தைப் படிப்புக் காலத்துக்கும் நீட்டிக்கலாம். நான்கு இடம் என்ற பட்டியலைத் தூக்கிவிட்டு, கூடாத வேலைகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு மாணவருக்கு ஏற்கெனவே ஐகாட் என்ற அட்டை கொடுக்கப்படுகிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை அதிலேயே அச்சடித்துவிட்டால் முதலாளிக்கும் சாக்கு இல்லை, மாணவருக்கும் பயம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளம் கேட்டுத் தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் மாணவரின் பெயர் குடிநுழைவுத் துறையின் மேசைக்குப் போகாது என்று எழுத்தில் ஓர் உத்தரவாதம் வேண்டும். ஆஸ்திரேலியா 2017-இல் செய்தது அதை ஒத்த ஓர் ஏற்பாடுதான். குறைந்தபட்சச் சம்பள ஆணை நாட்டவர், அயலார் என்று தொழிலாளரைப் பிரிப்பதில்லை; அதைக் கேட்டு வாங்கும் வழியும் எல்லாருக்கும் பொருந்த வேண்டாமா?

மெல்பர்னில் நம் பிள்ளைக்குச் சம்பளம் குறைந்தால் கான்பரா என்ன செய்கிறது என்று நாளிதழுக்குக் கடிதம் எழுதும் நாம், கூலாயில் பாத்திரம் கழுவும் ராமநாதபுரத்துப் பையனுக்கோ டாக்காப் பையனுக்கோ சம்பளம் குறைந்தால் அதை மனிதவளச் செய்தியாகக்கூடப் படிப்பதில்லை. இதைச் சொல்லும்போது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். தோட்டத்தில் அடுத்தவர் பெயரில் செக்ரோலில் ஏறிய உழைப்பை மறக்காத சமூகம் இது.

பண்டார் தெங்காராவின் மேசைக்குத் திரும்பலாம். நோட்டில் இன்னும் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவுக்கென்று 29,710 டாலர் இருப்பதாகக் காட்டச் சொல்வார்கள். 2024 மே மாதத்திலிருந்து இதுதான் தொகை. அங்கே போய்ச் சம்பாதிக்கப் போவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. விசா கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 டாலர். விசா கிடைக்காவிட்டால் திரும்ப வராது. வாரம் 24 மணி நேரம் தவறாமல் வேலை கிடைத்தால் 24.95 வீதம் 598 டாலர் 80 காசு வரும். தற்காலிக ஊழியருக்குக் கூடுதல் விகிதம் சேர்ந்து மணிக்கு 31 டாலருக்கு மேல்கூடப் போகும். ஆனால் தவறாமல் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தேர்வு வாரத்தில் வேலைக்குப் போக முடியாது. படிப்புக் கட்டணம் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

இன்னொரு நிபந்தனை இருக்கிறது. படிப்பு தொடங்கும் நாள் வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. செமஸ்டர் பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ தொடங்கும். பையன் வாடகை வீடு பார்க்கவும் ஊர் பழகவும் பிப்ரவரி தொடக்கத்திலேயே போய்விடுவான். முன்பணம், முதல் மாத வாடகை, பாத்திரம், கம்பளி, பேருந்து அட்டை எல்லாம் அந்த மாதத்தில்தான். அம்மா அதுவரை எல்லா மாதத்துக்கும் வருமானம் என்று ஒரே தொகையைப் போட்டு வைத்திருந்தார். இப்போது பிப்ரவரிக்கு நேராக இருந்ததை அடித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதுகிறார். மார்ச்சுக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு, "வேலை கெடைக்க எத்தன நாளாகும்?" என்று தம்பியைக் கேட்கிறார்.